பனி மறித்த ஏரி, இடம் மாறிய மறுகால்

நிறைந்த ஏரி, கரையில் எந்த இடம் தாழ்ந்திருக்கிறதோ அங்கே மறுகால் பாயும். கரையின் ஒரு பக்கம் பனிக்கட்டியாக இருந்து, அடித்தரையும் மெல்ல மேலெழுந்தால் மறுகால் ஓரிடத்தில் நிலைக்காது. வட அமெரிக்காவின் அகாசி ஏரியில் இதுதான் நடந்தது.

பனியுகத்தில் வட அமெரிக்காவின் வடபகுதியை மூடியிருந்த லாரன்டைடு பனிப்படலம் வடக்கே பின்வாங்கியபோது, ஏறத்தாழ 14,000 ஆண்டுகளுக்கு முன் இந்த ஏரி உருவானது. அங்கே நிலம் வடக்கு நோக்கித் தாழ்கிறது. நீர் ஹட்சன் விரிகுடாவுக்குப் போயாக வேண்டும். வழியில் பனிச்சுவர். தேங்கிய நீர் தெற்கே வழிந்து, வாரன் ஆறாகப் பாய்ந்து, பல கிலோமீட்டர் அகலப் பள்ளத்தாக்கை வெட்டியது. இன்று அதில் ஓடும் மினசோட்டா ஆறு அந்த அகலத்துக்குச் சற்றும் பொருந்தாத சிறிய ஆறு. வாய்க்கால் ஆழமாக ஆக ஏரி மட்டம் இறங்கியது. மண் அரித்துப்போய்ப் பெரும்பாறைகள் மட்டும் அடியில் தங்கியதும் அரிப்பு நின்றது. மட்டம் நிலைத்த அக்காலங்களில் அலைகள் மணல்மேடுகளைக் குவித்தன. பனி மேலும் விலகியபோது கிழக்கே சுப்பீரியர் ஏரிப் பக்கம் தாழ்ந்த வழிகள் திறந்தன. தெற்கு வழி வறண்டது.

சிக்கலான பகுதி தரையின் அசைவு. நீரின் அடர்த்தியை 1 என்று கொண்டால் பனிக்கட்டியின் அடர்த்தி 0.92, பூமியின் மேலோட்டுக்கு அடியிலுள்ள மேன்டில் பாறையின் அடர்த்தி சுமார் 3.3. ஆகவே 3 கி.மீ. தடிமனுள்ள பனி நெடுங்காலம் அழுத்தினால் தரை 800 மீட்டருக்கு மேல் அமிழும். பனி போனதும் தரை எழும், ஆனால் உடனே அல்ல. ஹட்சன் விரிகுடாப் பகுதி இன்றும் ஆண்டுக்குச் சுமார் 1 செ.மீ. உயர்கிறது. வடக்கே பாரம் அதிகம் இருந்ததால் எழுச்சியும் அங்கேதான் அதிகம். ஒருகாலத்தில் சமமட்டமாக இருந்த கரைமேடுகள் இன்று வடக்கே போகப் போக உயர்கின்றன. எனவே இன்றைய உயர வரைபடத்தில் ஒரே உயரத்தைத் தொடர்ந்து கோடு போட்டுப் பழைய ஏரியின் எல்லையைக் கண்டுவிட முடியாது. முதலில் அந்தச் சாய்வைக் கணக்கில் கழிக்க வேண்டும்.

ஏரியின் முடிவு சுமார் 8,400 ஆண்டுகளுக்கு முன். நீரின் ஆழம் பனியின் தடிமனில் பத்தில் ஒன்பது பங்கை எட்டினால் பனி மிதக்கத் தொடங்கும். நீர் அடியில் புகுந்து வழி தேடும். மெலிந்த பனியணை அப்படித்தான் தளர்ந்தது என்று கருதுகிறார்கள். நன்னீர் ஹட்சன் விரிகுடா வழியே அட்லாண்டிக்கில் கலந்தது. கிரீன்லாந்து பனியில் பதிந்துள்ள, 8,200 ஆண்டுகளுக்கு முந்தைய திடீர்க் குளிருக்கு இதையே முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள்.

மிஞ்சிய ஏரித்தரையில் ரெட் ஆறு வடக்கு நோக்கி ஓடுகிறது: 885 கி.மீ. நீளத்துக்கு இறக்கம் சுமார் 70 மீட்டர், அதாவது கிலோமீட்டருக்கு 8 செ.மீ. வசந்தத்தில் தெற்கே பனி முதலில் உருகும், வடக்கே ஆறு இன்னும் உறைந்திருக்கும். நீர் ஓட இடமின்றித் தட்டைச் சமவெளியில் பரவும். 1997-இல் கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரம் அப்படித்தான் மூழ்கியது. அதே ஆற்றில் வடக்கே உள்ள வின்னிபெக் நகரம் தப்பியது, 1968-இல் முடித்த 47 கி.மீ. வெள்ளக் கால்வாயால். வடக்குத் தரை இன்னும் எழுவதால் ஆற்றின் அந்தச் சிறு இறக்கமும் குறைந்துகொண்டே வருகிறது.