அசைபோடும் மனம்

1989 அக்டோபர் 17 மாலை, கலிஃபோர்னியாவின் லோமா பிரியெட்டா பகுதியில் 6.9 அளவில் நிலம் அதிர்ந்தது. அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதற்குச் சரியாக 14 நாள்களுக்கு முன்புதான், மனம் வாடினால் என்ன செய்வீர்கள் என்று ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களிடம் கேட்டுப் பதிவு செய்திருந்தார் உளவியலாளர் சூசன் நோலன்-ஹோக்செமா. நிலநடுக்கம் நடந்து 10 நாள் கழித்தும், 7 வாரம் கழித்தும் அவர்களில் 137 பேரை மீண்டும் ஆராய்ந்தார். வாட்டம் வந்தால் அதையே நினைத்துக்கொண்டிருக்கும் பழக்கம் முன்பே உடையவர்களிடம் மனச்சோர்வு கூடுதலாக இருந்தது.

இந்தப் பழக்கத்தைக் குறிக்கும் ‘ரூமினேஷன்’ (rumination) என்ற ஆங்கிலச் சொல்லும் மாடு அசைபோடுவதிலிருந்தே பிறந்தது. மாட்டுக்கு அசைபோட்டால் செரிக்கிறது; வாடிய மனத்துக்குச் செரிப்பதில்லை. சோர்ந்த நேரத்தில் நினைவு சோகமானவற்றையே தேடி எடுக்கும். தேர்வில் தோற்ற ஒரு மாணவி “நான் ஏன் இப்படி?” என்று கேட்டால், பள்ளியில் பட்ட அவமானமும் முறிந்த நட்பும் சாட்சிக்கு வந்து நிற்கும். அந்தச் சாட்சியங்களால் சோர்வு கூடும். கூடிய சோர்வு இன்னும் பழைய காயங்களைத் தேடும். நான் யார், என்ன ஆகப்போகிறேன் என்ற கேள்விகள் சூடாக இருக்கும் இருபதுகளில் இந்தச் சுழலுக்குத் தீனி ஏராளம்.

ஆய்வகத்தில் இது எட்டே நிமிடத்தில் தெரிந்தது. ஏற்கெனவே வாடியிருந்த மாணவர்களைத் தம் உணர்வுகளைப் பற்றி யோசிக்கச் சொன்னபோது வாட்டம் கூடியது. அட்லாண்டிக் கடலை மெல்லக் கடக்கும் படகு போன்றவற்றைக் கற்பனை செய்தவர்களுக்கு அது தணிந்தது. வாட்டமில்லாத மாணவர்களையோ தன்னைப் பற்றிய அதே யோசனை பாதிக்கவில்லை. இதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன்: தன்னைப் பற்றிய யோசனை தனியாகக் கேடு செய்யவில்லை, வாட்டத்தோடு சேர்ந்தபோதுதான் செய்தது. தன்னைப் பற்றி அதிகம் யோசிக்கும் பிள்ளையைச் சுயநலக்காரர் என்று திட்டுவது எவ்வளவு பெரிய தவறு!

உள்நோக்கிப் பார்ப்பதிலும் வகை உண்டு. 2003இல் வெளியான ஓர் ஆய்வு, தன்னை நொந்து புழுங்குவதையும் நிதானமாக ஆராய்வதையும் பிரித்துக் காட்டியது. நாளடைவில் சோர்வு கூடுவதோடு தொடர்புடையது புழுக்கம்தான்; நிதானமான ஆராய்ச்சி சோர்வு குறைவதோடு தொடர்புபட்டிருந்தது. உளவியலாளர் எட்வர்ட் வாட்கின்ஸ் உருவாக்கிய சிகிச்சை இந்த வேறுபாட்டைப் பயன்படுத்துகிறது. “எனக்கு ஏன் இப்படி நடக்கிறது?” என்பதிலிருந்து “அது எப்படி நடந்தது, அடுத்து என்ன செய்யலாம்?” என்பதற்கு மனத்தைத் திருப்பப் பழக்குகிறார்கள். அந்த மாணவி எந்தப் பாடத்தில், எந்தக் கேள்வியில் தடுமாறினாள் என்று அப்போது பேச முடிகிறது.