சேர்ந்த பசங்க கெடுக்கவில்லை

பத்தாம் வகுப்புப் பையன். காரம் பட்டால் வாய் எரிகிறது என்று அம்மா அழைத்து வந்தார். கீழுதட்டை மடக்கினால், ஈறை ஒட்டிச் சுருக்கம் விழுந்த வெள்ளைத் திட்டு. உதட்டுக்குள் அடக்கி வைக்கும் புகையிலைப் பொட்டலம்தான். பெயரை எழுதி அதற்கு விளம்பரம் தர மாட்டேன். உங்கள் பிள்ளைக்குத் தெரியும்.

"தங்கமான பையன் டாக்டர், சேர்ந்த பசங்கதான் கெடுத்துட்டாங்க" என்றார் அம்மா. இதைக் கேட்டுக் கேட்டுப் பொறுமை போய்விட்டது. அந்தப் பசங்களின் அம்மாக்கள் வந்தால் உங்கள் பிள்ளையைத்தான் கைகாட்டுவார்கள்.

யாரும் கையைப் பிடித்து வாயில் திணிப்பதில்லை. பெற்றோரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு விசாரித்தால், "எல்லாரும் வச்சாங்க, நான் மட்டும் சும்மா நின்னேன்" என்கிறார்கள். வேண்டாம் என்றால் அடி விழாது. நாளைக்கு கிரிக்கெட்டுக்குக் கூப்பிடுவார்களா, பக்கத்தில் உட்கார விடுவார்களா என்பதுதான் பயம். பதினைந்து வயதில் அது சின்னப் பயம் இல்லை. அமெரிக்காவில் மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பர்க்கும் கணினியில் கார் ஓட்டும் விளையாட்டை வைத்துச் சோதித்து 2005-ல் வெளியிட்டார்கள். 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் தனியாக ஆடியதைவிட, கூட்டாளிகள் உடன் இருந்தபோது கூடுதலாக ஆபத்தில் இறங்கினார்கள். 24 வயதைத் தாண்டியவர்களிடம் அந்த மாற்றம் தெரியவில்லை. பழகிய பசங்களோ புதியவர்களோ, இந்த வயதில் பக்கத்தில் சேக்காளி இருந்தாலே மனசு வேறு மாதிரி வேலை செய்யும். பள்ளியை மாற்றப் போகிறேன் என்கிறீர்களே, புது இடத்தில் அவனுக்கு ஒருவரையும் தெரியாது. சேர்த்துக்கொள்ளமாட்டார்களா என்ற தவிப்பு அங்கே இன்னும் அதிகமாகும்.

பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்பது 2003-ம் ஆண்டுச் சட்டம். 18 வயது ஆகாதவருக்குக் கொடுத்தால் 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் 77-ம் பிரிவில் 7 ஆண்டு வரை சிறை. வாசல் கடையில் கிடைக்கிறதா? பிள்ளையை அடிக்காதீர்கள், போலீசில் சொல்லுங்கள். ஆசிரியர்களே, பிடிபட்டவனைப் பிரேயரில் நிறுத்தி அவமானப்படுத்தாதீர்கள். அன்றிலிருந்து அந்தக் கூட்டத்தை விட்டால் அவனுக்கு வேறு போக்கிடம் இல்லை.

வாரத்துக்கு ஒரு நாள் நல்ல வெளிச்சத்தில் உதட்டை மடக்கிப் பாருங்கள். பழக்கத்தை விட்டால் இந்தத் திட்டு பெரும்பாலும் மறையும். விட்ட பிறகும் மறையாவிட்டால் சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும், தள்ளிப்போடாதீர்கள். நிறுத்திய முதல் நாட்களில் எரிந்து விழுவான், தூங்க மாட்டான். தயவுசெய்து அப்போது திட்டாதீர்கள். புகையிலையை விட உதவும் கட்டணமில்லா எண் 1800-11-2356. அவனே பேசட்டும்.

கூட்டத்தின் நடுவில் நின்று வெறுமனே "வேண்டாம்" என்று சொல்வது பெரியவர்களுக்கே கஷ்டம். அவனுக்கு ஒரு சாக்கு கொடுத்து அனுப்புங்கள். "பல் டாக்டர் மாசாமாசம் உதட்டைத் தூக்கிப் பாக்குறாங்கடா, வச்சா தெரிஞ்சிரும்" என்று சொல்லட்டும். நட்பும் போகாது, மானமும் போகாது. பழி என் மேல் இருக்கட்டும். அது பொய்யாகிவிடாமல் மாதம் ஒரு தடவை அழைத்து வாருங்கள், நான் பார்க்கிறேன்.