ஊசி எதற்கு, கத்தி எதற்கு: தைரொயிட் கட்டிகளை வைத்தியர்கள் அணுகும் விதம்

வேறொரு காரணத்துக்காகக் கழுத்தை ஸ்கேன் செய்துகொள்ளும் கொழும்புவாசிகள் பலர், தைரொயிட் சுரப்பியில் கட்டி இருப்பதாகக் கூறும் அறிக்கையுடன் கலங்கிப்போய் வீடு திரும்புகிறார்கள். உண்மையில், தடவிப் பார்த்து உணரக்கூடிய கட்டிகள் பெண்களில் ஏறக்குறைய 5 சதவீதத்தினரிடமும் ஆண்களில் 1 சதவீதத்தினரிடமும் மட்டுமே காணப்பட, ஸ்கேன் ஐந்தில் ஒருவருக்காவது ஏதேனும் ஒரு கட்டியைக் காட்டிவிடுகிறது. அயடீன் பற்றாக்குறை இதற்கு ஒரு காரணம். கொழும்பு அடங்கிய ஈரவலயம் ஒரு காலத்தில் கண்டக்கழலை மலிந்த பகுதியாக இருந்ததும், 1995இல் உப்புக்கு அயடீன் சேர்ப்பது இலங்கையில் கட்டாயமாக்கப்பட்டதும் அதனாலேயே.

முதலில் இரத்தத்தில் ரி.எஸ்.எச். அளவு பார்க்கப்படும். கபச் சுரப்பியிலிருந்து வந்து தைரொயிட்டைச் சுரக்கத் தூண்டும் இந்த ஓமோன் குறைந்திருந்தால், கட்டியே தன்னிச்சையாகத் தைரொயிட்டின் ஓமோனான தைரொட்சினைச் சுரக்கக்கூடும் என்று கருதி, கதிரியக்க ஸ்கேன் செய்யப்படும். அவ்வாறு சுரக்கும் கட்டிகள் புற்றாக இருப்பது மிக அரிது என்பதால் அவற்றில் ஊசி குத்துவதில்லை.

ஏனையவற்றில் தோற்றமே பேசுகிறது. நீர் நிறைந்தவையும் பஞ்சுபோன்றவையும் அநேகமாகத் தீங்கற்றவை. திண்மமாகவும் கருமையாகவும், ஓரம் ஒழுங்கற்றும், அகலத்தைவிட உயரம் கூடியும், நுண்ணிய சுண்ணப் புள்ளிகளுடனும் தெரிபவை ஐயத்துக்குரியவை. அமெரிக்கக் கதிரியல் வைத்தியர்கள் 2017இல் வெளியிட்ட அளவுகோலின்படி, ஐயம் மிகுந்த கட்டி 1 சென்ரிமீற்றரிலும், ஐயம் மிகக் குறைந்தது 2.5 சென்ரிமீற்றரிலுமே ஊசிப் பரிசோதனைக்கு உள்ளாகும்.

மெல்லிய ஊசியால் உறிஞ்சிய கலங்களை ஆராய்ந்து, ஆய்வுகூடம் ஆறு வகைகளுள் ஒன்றில் சேர்க்கிறது. தீங்கற்றதா புற்றா என்று உறுதியாகச் சொல்லமுடியாத, நடுவிலுள்ள மூன்றாம், நான்காம் வகைகளே நோயாளரையும் வைத்தியரையும் ஒருங்கே அலைக்கழிப்பவை. பொலிக்கியூலர் எனப்படும் கட்டிகளில், தீங்கற்றதன் கலங்களும் புற்றின் கலங்களும் ஒன்றுபோலவே தோன்றும். கட்டியைச் சூழ்ந்த உறையையோ இரத்தக் குழாயையோ கலங்கள் துளைத்துச் சென்றனவா என்பதே வேறுபாடு. ஊசியில் வருவன உதிரிக் கலங்கள் மட்டுமே. வீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்து அவர் மதிலேறிக் குதித்தவரா என்று எப்படிச் சொல்வது? ஆகவே, சுரப்பியின் ஒரு பாதியை அகற்றி, உறையோடு சேர்த்துப் பார்க்கவேண்டிய நிலை சிலருக்கு ஏற்படுகிறது. அந்தச் சத்திரசிகிச்சை நோயறிதலாகவும் சிகிச்சையாகவும் அமைகிறது.

தீங்கற்றது என உறுதியான கட்டிக்குப் பெரும்பாலும் கண்காணிப்பே போதும். அதைச் சுருக்கத் தைரொட்சின் மாத்திரை கொடுக்கும் பழைய வழக்கம், எலும்புக்கும் இதயத்துக்கும் ஏற்படும் கேட்டால், இப்போது பரிந்துரைக்கப்படுவதில்லை. மிகையாகச் சுரப்பதற்குக் கதிரியக்க அயடீனும், மூச்சையோ விழுங்குதலையோ நெருக்குவதற்குச் சத்திரசிகிச்சையும் உண்டு. குரல்வளை நரம்பும், கல்சியத்தைச் சீராக்கும் பரதைரொயிட் சுரப்பிகளும் கத்திக்கு மிக அருகில் இருப்பதே அதிலுள்ள ஆபத்து.

முழுவுடல் பரிசோதனையோடு கழுத்து ஸ்கேனையும் சேர்த்துக்கொள்ள எண்ணுவோர் தென்கொரியாவைக் கவனிப்பது நல்லது: கழுத்து ஸ்கேன் பரவலான அங்கே 2011இல் பதிவான தைரொயிட் புற்றுநோய் வீதம் 1993இல் இருந்ததைப்போல் 15 மடங்காயிற்று, மரண வீதமோ மாறவில்லை. அதே 1993இல் ஜப்பானின் கோபே நகரிலுள்ள கூமா வைத்தியசாலை, 1 சென்ரிமீற்றருக்கு மேற்படாத, ஆபத்துக் குறைந்த புற்றுகளை வெட்டாமல் கண்காணிக்கத் தொடங்கியது. அவற்றுள் பெரும்பாலானவை வளரவில்லை, வளர்ந்த சிலவற்றைப் பின்னர் அகற்றியபோதும் காலம் கடந்துவிடவில்லை.