மாரியில் ஒட்டும் டொபியும் மருந்துக் குளிசையும்

மட்டக்களப்பில் மார்கழி மழை பிடித்துக்கொண்டால், மூடி இறுக்கப்படாத கடைப் போத்தலுக்குள் டொபிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். பக்கத்துப் போத்தலில் இருக்கும் கற்கண்டோ உலுக்கினால் கலகலவென்று சத்தமிடும். இரண்டிலும் பெரும்பகுதி சீனிதான். கற்கண்டில் மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கப்பட்டுப் பளிங்காக இருக்கின்றன. டொபியில் அவை ஒழுங்கின்றி உறைந்து, கண்ணாடி நிலையில் நிற்கின்றன. ஈரம் புகுந்தால் அந்தக் கண்ணாடி இளகும்.

நீரில் எளிதில் கரையாத மருந்துகளை, பொலிவினைல்பிரொலிடோன் போன்ற பல்பகுதியங்களுக்குள் (சிறு அலகுகள் நீளச் சங்கிலியாகக் கோக்கப்பட்ட பொலிமர்களுக்குள்) இதே கண்ணாடி நிலையில் பரப்பிக் குளிசையாக்குகிறார்கள். பளிங்கின் பிடி இல்லாததால் மருந்து விரைவாகக் கரையும். ஆனால் நாள்பட அது மீண்டும் பளிங்காகிவிட்டால் அந்த அனுகூலம் போய்விடும்.

இதைச் சோதிக்க வகையீட்டு வருடல் கலோரிமானி உதவுகிறது. சில மில்லிகிராம் மாதிரியைச் சிறிய அலுமினியத் தட்டத்தில் அடைத்து, வெறுந்தட்டம் ஒன்றின் அருகே வைத்து, பெரும்பாலும் நிமிடத்திற்கு 10 பாகை செல்சியஸ் வீதம் சூடாக்கி, இரண்டுக்கும் செல்லும் வெப்பத்தின் வித்தியாசத்தைக் கருவி வரைகிறது. பளிங்கு உருகும் இடத்தில் கூரிய உச்சி தோன்றும். கண்ணாடி இளகும் இடத்திலோ கோடு சிறு படிபோல நகரும். இண்டோமெதசின் என்ற வலிநிவாரணி மருந்தின் பளிங்கு ஏறத்தாழ 161 பாகையில் உருகும். அதன் கண்ணாடி நிலையோ 42 பாகையை அண்டியே இளகத் தொடங்கும். அதனுடன் 160 பாகைக்கு மேல் இளகும் பல்பகுதியம் நன்கு கலந்தால், இடைப்பட்ட வெப்பநிலையில் ஒரேயொரு படி தெரியும். இரண்டு படிகள் தெரிந்தால் மருந்தும் பல்பகுதியமும் பிரிந்து நிற்கின்றன என்று பொருள்.

உச்சி தெரியவில்லை என்பதற்காக மட்டும் பளிங்கே இல்லை என்று முடிவுகட்டுவது என் பார்வையில் அவசரம். சூடேறும்போதே இளகிய பல்பகுதியத்துக்குள் எஞ்சிய பளிங்கு கரைந்துவிடக்கூடும். ஆகவே சூடாக்காத மாதிரியை மூலக்கூறுகளின் ஒழுங்கான அடுக்கைக் காட்டும் எக்ஸ் கதிர் விளிம்புவளைவாலும் பார்க்க வேண்டும்.

ஈரத்தின் கணக்கு வேறு. சூடாக்கிக்கொண்டே எடையை அளக்கும் வெப்ப எடைப் பகுப்பாய்வில் 100 பாகையை அண்டி எடை குறைந்தால், அது பெரும்பாலும் உறிஞ்சப்பட்ட நீர். நீரின் கண்ணாடி நிலை இளகும் வெப்பநிலை ஏறத்தாழ −137 பாகை என்பதால், சிறிதளவு கலந்தாலும் முழுக் கலவையின் படியும் குறைந்த வெப்பநிலைக்கு இறங்கும். களஞ்சிய வெப்பநிலையைவிட அந்தப் படி 50 பாகையாவது மேலே இருப்பது நல்லது என்பது துறையினரின் கைக்கணக்கு. எனவே 30 பாகை வெயிலுக்கு உலர்ந்த நிலையில் போதுமாயிருந்த குளிசைக்கு, அட்டையிலிருந்து பிதுக்கித் திறந்த டப்பாவில் போட்டபின், வாவிக்கரை ஈரத்தில் அந்த இடைவெளி சுருங்கிக்கொண்டே போகும்.