நாணயம்: காசுக்கு வந்த சொல் குணத்துக்கு ஆனது

நிறுவனம் ஒன்றின் தமிழ்க் கையேட்டில் அண்மையில் 'எங்கள் விழுமியங்கள்: ஒருமைப்பாடு, பொறுப்புடைமை' என்று அச்சிட்டிருந்ததைப் படித்தேன். 'இன்டெக்ரிட்டி' என்பதைத்தான் 'ஒருமைப்பாடு' என்று பெயர்த்திருந்தார்கள். நாட்டைப் பற்றிப் பேசும்போது அச்சொல் பொருந்தும். வணிகரின் குணத்தைப் பற்றிப் பேசும்போது பொருந்தாது. அந்தக் குணத்துக்குத் தமிழ்க் கடைத்தெரு நெடுங்காலமாக வழங்கிவரும் சொல் 'நாணயம்'. 'ஆள் நாணயமானவர், சொன்ன தேதியில் பணம் வந்துவிடும்' என்று ஒரு மண்டிக்காரர் சொல்லிவிட்டால், அதற்கு மேல் யாரும் விசாரிப்பதில்லை.

நாண், நயம் என்று இச்சொல்லைப் பிரித்து, பழிக்கு நாணும் நற்பண்பு எனப் பொருள் சொல்வோர் உண்டு. மேடைப் பேச்சாளர்களுக்கோ 'நாநயமும் நாணயமும்' என்ற சிலேடை சலிப்பதே இல்லை. கேட்க இனிமையாக இருந்தாலும் இவை சொற்பிறப்பு ஆகா. காசைக் குறிக்கும் 'நாணக' என்ற வடசொல்லே, பிராகிருத வழக்கில் ககரம் தேய்ந்து, தமிழில் 'நாணயம்' ஆயிற்று. குசானப் பேரரசர் கனிஷ்கரின் காசுகளில் 'நனா' என்னும் பெண் தெய்வத்தின் உருவமும் பெயரும் பொறிக்கப்பட்டிருப்பதால், அத்தெய்வத்தின் பெயரே காசுக்கு ஆகிவந்தது என்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். கன்னடத்தில் 'நாண்ய' என்றால் காசு. தெலுங்கில் 'நாண்யத' என்றால் சரக்கின் தரம். தெலுங்கர் பொருளின் தரத்தைச் சொல்ல எடுத்துக்கொண்டதை நாம் மனிதரின் தரத்தைச் சொல்ல எடுத்துக்கொண்டோம்.

காசு எப்படிக் குணமாயிற்று என்பதே இதில் சுவையான பகுதி. உலோகக் காசு கைக்கு வந்தவுடன் வாங்குபவர் அதை நம்பிவிடுவதில்லை. சுண்டிப் பார்ப்பார், கல்லில் தட்டி ஓசை கேட்பார், பொற்காசாயின் உரைகல்லில் தேய்த்து மாற்றுப் பார்ப்பார். சங்க காலத்தில் இதையே தொழிலாகக் கொண்டவர்களை 'வண்ணக்கர்' என்றனர். வடமவண்ணக்கன் பேரிசாத்தனார் என்ற புலவரின் பெயரில் அத்தொழில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கடைத்தெரு மனிதரையும் அவ்வாறே சோதித்தது. புதிதாகத் தொழில் தொடங்கியவருக்கு முதலில் ஒரு மூட்டைதான் கடனுக்குக் கிடைக்கும்; அதைத் தவணை தவறாமல் தீர்த்தால் பத்து மூட்டை, பிறகு நூறு. ஆகவே, நாணயம் என்பது பிறவியிலேயே வாய்த்ததாகக் கருதப்படாமல், கொடுக்கல் வாங்கலில் சிறுகச் சிறுக வளர்ந்து, ஒரே ஒரு தவணை தவறினாலும் கெட்டுப்போகக்கூடிய ஒன்றாகவே கருதப்பட்டது. நல்ல தமிழ்ச் சொல்லான 'காசு' இந்தப் பொருளுக்கு வந்திருக்க வழியில்லை. பழந்தமிழில் அதற்குக் குற்றம் என்ற பொருளும் உண்டு, 'காசறு' என்றால் குற்றமற்ற என்று பொருள்.

தனித்தமிழ் வேண்டுவோர் 'நேர்மை' என்பர். அது தவறன்று. ஆங்கிலச் சொல்லின் வேரான இலத்தீன் 'இன்டெகர்' தீண்டப்படாதது, முழுமையானது என்று பொருள்படும். முழு எண்ணுக்கும் ஆங்கிலத்தில் அச்சொல்லே பெயர். 'நேர்' என்பதோ கோணாமையைச் சொல்கிறது. ஆனால் எதிரில் ஒருவர் இல்லாமலும் ஒருவர் நேர்மையாக இருக்க முடியும்; வணிகத்துக்கு எதிர்த்தரப்பும் தராசும் வேண்டும். அதனால் 'நடுவு' என்ற சொல்லையே நான் முன்வைப்பேன். காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பாடும் பட்டினப்பாலை அவர்களை 'நெடுநுகத்துப் பகல்போல நடுவுநின்ற நன்னெஞ்சினோர்' என்கிறது. நுகத்தடியின் நட்டநடுவே செருகிய பகலாணி இரண்டு மாட்டுக்கும் ஒரே தொலைவில் நிற்பதுபோல, தம் பொருளையும் பிறர் பொருளையும் ஒப்ப நாடி, 'கொள்வதூஉம் மிகைகொளாது கொடுப்பதூஉம் குறைகொடாது' விற்றார்களாம். இன்று 'நடுவுநிலை' என்றதும் நீதிபதியும் செய்தித்தாளும் நினைவுக்கு வருவதால், கடைக்குள் அதை மீட்பது எளிதன்று. அதுவரை 'நாணயம்' இருந்துவிட்டுப் போகட்டும்.

கையேட்டில் இருந்த 'பொறுப்புடைமை'யும் அரைகுறைதான், ஏனெனில் பொறுப்பு உடையவர் எல்லாரும் கேட்டால் பதில் சொல்கிறவர்கள் அல்லர். 'அக்கவுன்டபிலிட்டி' என்பதன் உள்ளே இருப்பது கணக்கு. இலங்கைத் தமிழர் வழங்கும் 'பொறுப்புக்கூறல்', கூறும் செயலையாவது உள்ளடக்கியிருப்பதால், இதனினும் மேல். முதலாம் பராந்தகனின் உத்தரமேரூர்க் கல்வெட்டுகளோ (919, 921) நேரடியாகவே பேசுகின்றன: வாரியம் என்னும் ஊர்ச்சபைக் குழுவில் பணி செய்து கணக்குக் காட்டாதே இருந்தவரும், அவருடைய நெருங்கிய உறவினரும், குடவோலைக்குப் பெயர் எழுதத் தகுதியற்றவர். 'வாரியம்' மின்வாரியத்தில் பிழைத்திருக்கிறது. 'கணக்குக் காட்டு' வீட்டிலும் கடையிலும் அன்றாடம் ஒலிக்கிறது. 'நாணயம், கணக்குக் காட்டும் கடமை' என்று அக்கையேட்டில் இருந்திருந்தால், கிடங்கில் மூட்டை எண்ணுகிறவரும் அகராதி தேடாமல் படித்திருப்பார்.