சத்துணவுத் தட்டில் எவ்வளவு பருப்பு இருக்க வேண்டும்?

பள்ளி விட்டு வரும் பிள்ளையிடம் “மதியம் வயிறாரச் சாப்பிட்டியா?” என்று கேட்கிறோம். “சாப்பிட்டேன்” என்று பதில் வந்தால் அதோடு விட்டுவிடுகிறோம். ஆனால் பள்ளி மதிய உணவுக்கு அரசு வைத்திருக்கும் அளவுகோல் வயிறு நிறைவது கிடையாது. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைக்கு அந்த ஒரு வேளையில் 450 கலோரியும் 12 கிராம் புரதமும் கிடைக்க வேண்டும். ஆறு முதல் எட்டு வரை 700 கலோரி, 20 கிராம் புரதம். ஒரு தட்டு சோறும் தண்ணீர்ச் சாம்பாரும் வயிற்றை நிரப்பிவிடும். புரதக் கணக்கில்தான் துண்டு விழும்.

இது அதிகாரிகள் தயவில் நடக்கிற காரியமும் இல்லை. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், அரசுப் பள்ளி, உள்ளாட்சிப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மூன்றிலும் எட்டாம் வகுப்பு வரை, பள்ளி நடக்கும் எல்லா நாளும், இலவசமாக ஒரு வேளை உணவு தர வேண்டும் என்று சொல்கிறது. வருமானச் சான்று, ரேஷன் கார்டு, சாதிச் சான்று எதுவும் கேட்கக் கூடாது. பள்ளியில் சேர்ந்திருந்தால் போதும். மேலே சொன்ன கலோரி, புரத அளவுகள் அந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் வந்தவை. நடைமுறையை விளக்கும் மதிய உணவு விதிகள் 2015 செப்டம்பர் 30 அன்று அறிவிக்கப்பட்டன. கலோரியை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் போதாது, கால்சியம், இரும்பு, துத்தநாகம், வைட்டமின்கள் போன்ற நுண்சத்துகளும் கணக்கில் வர வேண்டும் என்று 2023 ஜனவரியில் அந்த அட்டவணையைத் திருத்தினார்கள். திட்டத்தின் பெயரும் 2021இல் பி.எம். போஷண் என்று மாறியது. தமிழ்நாட்டில் நமக்கு அது எப்போதும் சத்துணவுதான். இங்கே பத்தாம் வகுப்பு வரை சாப்பாடு உண்டு. ஒன்பதுக்கும் பத்துக்கும் ஆகும் செலவை மாநிலம் தன் கையிலிருந்து போடுகிறது.

சரி, கலோரியையும் புரதத்தையும் பெற்றோர் எதை வைத்து அளப்பது? அதற்காகத்தான் பொருள்வாரி அளவும் கொடுத்திருக்கிறார்கள். மத்திய அளவுப்படி, தொடக்கப்பள்ளிப் பிள்ளை ஒருவருக்கு ஒரு நாளைக்கு 100 கிராம் அரிசி, 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய்கறி, 5 கிராம் எண்ணெய். ஆறு முதல் எட்டு வரை 150 கிராம் அரிசி, 30 கிராம் பருப்பு, 75 கிராம் காய்கறி, ஏழரை கிராம் எண்ணெய். எல்லாமே சமைக்கும் முன் உள்ள எடை. இதில் பலருக்கும் குழப்பம் வருகிறது. நூறு கிராம் அரிசி வெந்தால் தட்டில் இரண்டரை மடங்குக்கு மேல் சோறாக நிற்கும். அதனால் தட்டைப் பார்த்து அளவு சொல்ல முடியாது. அடுப்படிக்குப் போகும் மூட்டையையும் டப்பாவையும் பார்த்தால்தான் தெரியும்.

ஒரு தொடக்கப்பள்ளியில் இன்று 80 பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அரிசி 8 கிலோ, பருப்பு 1 கிலோ 600 கிராம், காய்கறி 4 கிலோ, எண்ணெய் 400 கிராம். அவ்வளவுதான் கணக்கு. பிள்ளைகளின் எண்ணிக்கை தெரிந்தால் யாரும் மனக்கணக்காகப் போடலாம்.

இதில் எது குறைந்தால் என்ன ஆகும் என்பதுதான் கவனிக்க வேண்டிய இடம். நூறு கிராம் அரிசியில் கிட்டத்தட்ட 345 கலோரியும் 7 கிராம் புரதமும் இருக்கும். 20 கிராம் துவரம்பருப்பில் 67 கலோரியும் நாலரை கிராம் புரதமும். எண்ணெய் 45 கலோரி தரும், புரதம் கிடையாது. காய்கறி கொஞ்சம் கொஞ்சம் இரண்டையும் தரும். கூட்டினால் 450ஐத் தாண்டும், புரதம் 12ஐத் தொடும். இப்போது பருப்பைப் பாதியாக்கிப் பாருங்கள். கலோரி முப்பது சொச்சம்தான் இறங்கும். கணக்குப் புத்தகத்தில் பெரிய ஓட்டை தெரியாது, பிள்ளைக்கும் பசி தெரியாது. புரதம் மட்டும் 12இலிருந்து 10க்கு வந்துவிடும். பருப்பே போடாவிட்டால் எட்டுக்கும் கீழே. அரிசி குறைந்தால் பிள்ளை வீட்டுக்கு வந்து பசிக்கிறது என்று அழும். பருப்பு குறைந்தால் அழாது. சாம்பார் தண்ணியாக இருப்பதை ருசி விஷயமாக நினைத்துக் கடந்துபோகக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

மாநிலங்கள் தங்கள் ஊர்ச் சாப்பாட்டுக்கு ஏற்பப் பட்டியலை மாற்றிக்கொள்ளலாம். மொத்தச் சத்து குறையக் கூடாது, அதுதான் நிபந்தனை. தமிழ்நாட்டில் அந்த இடத்தை நிரப்புவது முட்டை. ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம், அதாவது சின்னப் பிள்ளைக்குச் சட்டம் சொல்லும் அளவில் பாதி. 1989இல் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று தொடங்கி, அப்புறம் வாரம் ஒன்றாகி, மூன்றாகி, 2010 முதல் வாரம் ஐந்து என்று நிலைத்தது. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். (பழம் நல்லதுதான், ஆனால் அதில் புரதம் ஒரு கிராம்கூடத் தேறுவது கஷ்டம். ஈடு என்று சொல்லலாமே தவிர, சமம் என்று சொல்ல முடியாது. இந்த விஷயத்தில் மாநிலம் இன்னும் யோசிக்கலாம்.) 2013இல் சோதனையாகத் தொடங்கி மறு ஆண்டு எல்லா இடத்துக்கும் வந்த கலவை சாதப் பட்டியலில் கொண்டைக்கடலை புலாவ், கறிவேப்பிலை சாதம், தக்காளி சாதம், மிளகு முட்டை, தக்காளி மசாலா முட்டை என்று பதின்மூன்று வகைகள் சேர்ந்தன. பிள்ளைகளுக்கு நாக்குக்கு ருசியாக இருக்கட்டும் என்றுதான் கொண்டுவந்தார்கள். நடைமுறையில் அதற்கு இன்னொரு பயனும் உண்டு: எந்தக் கிழமை எந்தச் சாப்பாடு என்று முன்கூட்டியே தெரிவதால், கடலை போட வேண்டிய நாளில் கடலை போட்டார்களா என்று பிள்ளையிடமே கேட்டுவிடலாம்.

2022 வாக்கில் அரிசியில் ஒரு மாற்றம் வந்தபோது பல ஊர்களில் “பிளாஸ்டிக் அரிசி கலந்துவிட்டார்கள்” என்று பேச்சுக் கிளம்பியது. அது செறிவூட்டிய அரிசி. அரிசி மாவில் இரும்பு, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்து மறுபடி அரிசி மணி வடிவில் அச்சடித்து, நூறு பங்குக்கு ஒரு பங்கு என்று கலப்பார்கள். கழுவும்போது சில மணிகள் மிதந்ததையும் நிறம் கொஞ்சம் மாறித் தெரிந்ததையும் பார்த்துப் பிளாஸ்டிக் என்று நினைத்தார்கள். சொல்லிவிட்டுச் செய்திருந்தால் பாதிப் பேச்சு அடங்கியிருக்கும்.

இனி பணம். அரிசி மத்தியத் தொகுப்பிலிருந்து தனியாக வந்துவிடும். பருப்பு, காய்கறி, எண்ணெய், உப்பு, புளி, மசாலா, எரிபொருள் இவற்றுக்கென்று ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒதுக்குவதைச் சமையல் செலவு என்பார்கள். 2025 மே 1 முதல் அது தொடக்கப்பள்ளிக்கு 6 ரூபாய் 78 காசு, நடுநிலைக்கு 10 ரூபாய் 17 காசு. மத்திய அரசு 60, மாநிலம் 40 என்ற விகிதத்தில் பகிர்கின்றன. மாநிலம் விரும்பினால் தன் பங்கைக் கூட்டிக்கொள்ளலாம். இந்த 6.78இல் என்ன வரும்? பருப்பு கிலோ 120 ரூபாய் என்றால் 20 கிராமுக்கு 2.40. காய்கறி சராசரியாகக் கிலோ 40 என்றால் 50 கிராமுக்கு 2 ரூபாய். எண்ணெய் கிலோ 150 என்றால் 75 காசு. ஆக 5.15. மிச்சம் ஒன்றரை ரூபாய் சொச்சத்தில் மசாலா, புளி, உப்பு, கேஸ். சமாளித்துவிடலாம் என்று தோன்றும். தக்காளி கிலோ நூறைத் தொடும் மாதத்தில் இந்தக் கணக்கு எங்கே நிற்கும் என்று சமையலறையில் நிற்பவரிடம் கேளுங்கள். அளவு குறைவதெல்லாம் திருட்டால்தான் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. விலை ஏறும் வேகத்துக்கு ஒதுக்கீடு ஏறாததும் ஒரு காரணம். சமைப்பவர்களுக்கு மத்தியத் திட்டம் கணக்கிடும் மதிப்பூதியம் 2009 முதல் மாதம் 1000 ரூபாயிலேயே நிற்கிறது. அதற்கு மேல் தருவதெல்லாம் மாநிலங்கள் தாமாகச் சேர்ப்பது.

அளவோடு சுத்தமும் விதியில் உண்டு. 2013 ஜூலையில் பீகாரின் சாரண் மாவட்டத்தில் மதிய உணவில் பூச்சிமருந்து கலந்து 23 குழந்தைகள் இறந்த பிறகு இந்தப் பகுதியில் கவனம் கூடியது. பரிமாறும் முன் ஆசிரியர் ஒருவராவது சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவைச் சேர்ந்த பெற்றோரும் முறைவைத்து ருசி பார்க்கலாம். பார்த்ததைப் பதிவேட்டில் எழுத வேண்டும். மாதந்தோறும் ஏதாவது சில பள்ளிகளிலோ பொதுச் சமையற்கூடங்களிலோ மாதிரி எடுத்து, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சத்தும் தரமும் சோதிக்க வேண்டும் என்றும் 2015 விதிகள் சொல்கின்றன. எத்தனை அரிசி வந்தது, இன்று எவ்வளவு எடுத்தார்கள், எத்தனை பேர் சாப்பிட்டார்கள், இன்றைய பட்டியல் என்ன என்பதைப் பள்ளியில் எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் எழுதிப்போட வேண்டும். உங்கள் பள்ளிச் சுவரில் அந்தப் பலகையில் கடைசியாகச் சுண்ணக்கட்டி பட்டது எப்போது என்று பாருங்கள். பாதி விவரம் அதிலேயே தெரிந்துவிடும்.

ஒருநாள் சாப்பாடே போடவில்லை என்றால்? அரிசி வரவில்லை, கேஸ் தீர்ந்தது, சமையலர் லீவு, எந்தக் காரணமாக இருந்தாலும் சரி, அந்த நாளுக்குரிய தானியமும் சமையல் செலவும் உணவுப் பாதுகாப்புப் படியாகப் பிள்ளைக்குச் சேர வேண்டும், அதுவும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள். 2020இல் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது உலர் பொருளாகக் கொடுத்தது நினைவிருக்கும். தொகையாகப் பார்த்தால் ஒரு நாளுக்கு 100 கிராம் அரிசியும் ஏழு ரூபாய்க்குக் குறைவும்தான். யாரும் இதற்காக அலைய மாட்டார்கள். ஆனால் அதே விதியில் இன்னொரு வரி இருக்கிறது. தொடர்ந்து மூன்று பள்ளி நாளோ, ஒரு மாதத்தில் ஐந்து நாளோ உணவு இல்லாமல் போனால், யார் பொறுப்பு என்று மாநில அரசு விசாரித்து நடவடிக்கை எடுத்தாக வேண்டும். அதனால் தேதியைக் குறித்து வைப்பது வீண் வேலை இல்லை. பணம் வரத் தாமதமானால் பள்ளியில் உள்ள வேறு நிதியிலிருந்து எடுத்துச் சமைக்கச் சொல்லவும், பிறகு ஈடுகட்டிக்கொள்ளவும் தலைமையாசிரியருக்கு அதிகாரம் உண்டு. இது தெரியாமல் “ஃபண்டு வரலை” என்று கைவிரிப்பவர்களும் உண்டு.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: பிள்ளை தானே சாப்பிடாமல் வந்தாலோ, சாப்பாட்டின் தரம் சரியில்லை என்றாலோ இந்தப் படியைக் கேட்க முடியாது. தரத்துக்குத் தனியாகப் புகார்தான் வழி. முதலில் சத்துணவு அமைப்பாளரிடமும் தலைமையாசிரியரிடமும் சொல்லுங்கள். அடுத்து பள்ளி மேலாண்மைக் குழு. சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான், பாதிப் பேர் பெண்கள். அங்கே தீர்மானமாக எழுதிவிட்டால் வாய்வார்த்தைக்கு இல்லாத கனம் வரும். அதற்கும் மசியாவிட்டால் வட்டார வளர்ச்சி அலுவலர், மாவட்ட ஆட்சியரின் சத்துணவுப் பிரிவு நேர்முக உதவியாளர், அல்லது முதல்வரின் உதவி மைய எண் 1100. மனுவில் “சாப்பாடு மோசம்” என்று மட்டும் எழுதாதீர்கள். “இன்ன தேதி, இத்தனை பேர் சாப்பிட்டார்கள், பட்டியலில் கொண்டைக்கடலை புலாவ், போட்டது வெறும் சாம்பார் சாதம், முட்டை இல்லை” என்று எழுதுங்கள். பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க முடிகிற புகாரை எளிதில் மூடிவிட முடியாது.

தனியார் பள்ளிக்கு இந்தத் திட்டம் வராது. ஆனால் அங்கேயும் செல்லும் விதி ஒன்று உண்டு. 2020 செப்டம்பரில் அறிவித்து 2021 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு, தரநிர்ணய ஆணையம்) ஒழுங்குமுறைப்படி, கொழுப்போ சர்க்கரையோ உப்போ அதிகம் உள்ள தின்பண்டங்களைப் பள்ளி கேன்டீனிலும் விடுதிச் சமையலறையிலும், பள்ளி வாசலிலிருந்து எந்தப் பக்கம் பார்த்தாலும் 50 மீட்டருக்குள்ளும் மாணவருக்கு விற்கக் கூடாது. அந்தப் பொருட்களுக்கு அங்கே விளம்பரம் வைப்பதும் இலவச சாம்பிள் கொடுப்பதும் தடை. பள்ளியே உணவு விற்றால் அதற்குப் பதிவும், ஒப்பந்தக்காரர் விற்றால் அவருக்குப் பதிவோ உரிமமோ வேண்டும். கேன்டீன் சுவரில் அந்தச் சான்றிதழ் மாட்டியிருக்கிறதா என்று அடுத்த பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போது பாருங்கள். இல்லை என்றால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலருக்கு எழுதலாம்.