வாத்துக்குப் பக்கவாத்தியம்

"என் மகள் ஒரு வாத்து விளையாட்டு விளையாடுகிறாள். வாத்து எதையாவது திருடக் கிளம்பினால் பியானோ தயங்கித் தயங்கி ஆரம்பிக்கிறது. மாட்டிக்கொண்டு ஓடினால் பியானோவும் கூடவே ஓடுகிறது. சும்மா நின்றால் கப்சிப். உள்ளே ஏ.ஐ. உட்கார்ந்து வாசிக்கிறதா? கிளாசிக்கல் சங்கீதம் என்பதால் மூளைக்கு நல்லது என்று விட்டுவிடலாமா?"

மதுரை வாசகர் ஒருவரின் கடிதம். இரண்டாவது கேள்விக்கு ஒற்றை வார்த்தையில் பதில் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன். முதல் கேள்வி அருமையான கேள்வி. அதற்கு வாத்து மாதிரி கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டும்.

அந்த வீடியோ விளையாட்டின் பெயர் 'அன்டைட்டில்டு கூஸ் கேம்'. தலைப்பு வைக்காத வாத்து விளையாட்டு என்பதே தலைப்பு. ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் நான்கு பேர் கொண்ட ஹவுஸ் ஹவுஸ் குழு உருவாக்கியது. 2016-இல் அவர்களில் ஒருவர் குழு அரட்டையில் ஒரு வாத்துப் படத்தைப் போட, இதை வைத்து விளையாட்டு செய்தால் என்ன என்று பேச்சு வேடிக்கையாகத் தொடங்கியது. 2019 செப்டம்பரில் வெளிவந்து, அந்த ஆண்டு முடிவதற்குள் 10 லட்சம் பிரதிகள் விற்றது. (கூஸ் என்றாலும் டக் என்றாலும் நமக்கு வாத்துதான். இது கழுத்து நீண்ட, கோபக்கார ரகம்.)

ஓர் ஆங்கிலேயக் கிராமம். அங்கே நீங்கள்தான் வாத்து. கையில் ஒரு வேலைப் பட்டியல்: தோட்டக்காரரை நனைக்க வேண்டும், சாவியைத் திருட வேண்டும், சருகுவாரியைத் தூக்கிக் குளத்தில் போட வேண்டும். ஆயுதம் கிடையாது, உயிர்க்கணக்கு கிடையாது, தோல்வி என்பதே கிடையாது. பிடிபட்டால் பொருளைப் பிடுங்கிக்கொண்டு 'உஸ் உஸ்' என்று விரட்டுவார்கள், அவ்வளவுதான். உங்களிடம் இருப்பது அலகு, சிறகு, குரல்.

கிராமத்து மனிதர்கள் எப்படி இயங்குகிறார்கள் என்பதை வேகமாகக் கடந்துவிடலாம், ஏனென்றால் பெரும்பாலான ஒளிந்து விளையாடும் ஆட்டங்களில் உள்ளதுதான். ஒவ்வொருவருக்கும் பார்வைக்கு ஒரு வரம்பு, காதுக்கு ஒரு வரம்பு. தன் பொருள் எங்கே இருக்க வேண்டும் என்று தெரியும். இடம் மாறியதைப் பார்த்துவிட்டால் கையிலுள்ள வேலையைப் போட்டுவிட்டு எடுத்து வந்து பழைய இடத்தில் வைப்பார்கள். ஒழுங்கை விடாத மனிதன், ஒழுங்கே தெரியாத பறவை. உலகத்து நகைச்சுவையில் பாதி இந்த ஜோடியில் அடங்கும்.

இனி பியானோ.

இதன் ஆரம்பமே ஒரு தப்பபிப்பிராயம். 2017-இல் வெளியிட்ட முன்னோட்டக் காணொளியில் பிரெஞ்சு இசையமைப்பாளர் க்ளோட் டெபுஸ்ஸியின் 'மின்ஸ்ட்ரெல்ஸ்' என்ற பியானோத் துணுக்கைச் சேர்த்திருந்தார்கள். இசையும் வாத்தின் சேட்டையும் கச்சிதமாகப் பொருந்தின, காரணம் அதை மனிதர் உட்கார்ந்து வெட்டி ஒட்டியிருந்தார். பார்த்தவர்களோ, விளையாட்டிலேயே இசை இப்படித்தான் வாத்தைக் கவனித்து வாசிக்கும் போலிருக்கிறது என்று நினைத்துப் பாராட்டிவிட்டார்கள். பாராட்டு வந்துவிட்டது, இனி அதைச் செய்துதான் ஆக வேண்டும்! பொறுப்பு இசையமைப்பாளர் டான் கோல்டிங்கிடம் வந்தது.

அவர் செய்தது இதுதான். ஒவ்வொரு துணுக்குக்கும் இரண்டு வாசிப்புகள். ஒன்று டெபுஸ்ஸி எழுதிய அதே துடிப்போடு. இன்னொன்று அதே ஸ்வரங்கள், ஆனால் அடக்கி, பூனை நடை போல. பிறகு இரண்டையும் இரண்டிரண்டு தாளத் தட்டுகளாக நறுக்கினார். மொத்தம் சுமார் 400 துண்டுகள். ஒவ்வொரு துண்டும் முடியும் நொடியில் விளையாட்டு ஒரே ஒரு கேள்வி கேட்கிறது: வாத்து இப்போது என்ன செய்கிறது? ஒன்றுமில்லை என்றால் மௌனம். ஏதோ திட்டம் போடுகிறது என்றால் அடக்கமான துண்டு. யாரோ துரத்துகிறார்கள் என்றால் முழு வேகத் துண்டு. ஆக, உள்ளே ஏ.ஐ. எதுவும் இல்லை. மூன்று நிலை உள்ள ஒரு சுவிட்ச் இருக்கிறது. வீட்டு மின்விசிறிக்கு அதைவிட அதிக நிலைகள் உண்டு.

இவ்வளவு எளிய சாதனம் ஏன் ஒரே மாதிரி இரண்டு முறை ஒலிப்பதில்லை? ஒரு துணுக்கில் 50 துண்டுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் மூன்று வாய்ப்பு. 50 மூன்றுகளை ஒன்றோடொன்று பெருக்கினால் சுமார் 7.2 பெருக்கல் 10-இன் அடுக்கு 23. பத்தாம் வகுப்பு வேதியியலில் மனப்பாடம் செய்த அவகாட்ரோ எண் ஞாபகம் வருகிறதா? ஒரு மோல் பொருளில் உள்ள துகள்களின் எண்ணிக்கை: 6.022 பெருக்கல் 10-இன் அதே அடுக்கு 23. ஒரு மோல் பியானோக் கச்சேரி! ஆனாலும் கேட்பவருக்கு எப்போதும் அது அதே துணுக்குதான், ஏனென்றால் துண்டுகளின் வரிசை மாறுவதே இல்லை. மாறுவது ஒவ்வொரு துண்டின் மனநிலை மட்டும்.

சரி, ஒட்டு ஏன் காதில் தட்டுப்படவில்லை? எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. பியானோ என்பது கம்பியைச் சுத்தியலால் அடிக்கும் வாத்தியம். அடித்த கணத்தில் ஒலி உச்சம், அப்புறம் தேய்ந்துகொண்டே போகும். ஒரு துண்டின் வால் தேய்ந்துகொண்டிருக்கும்போது அடுத்த துண்டின் முதல் அடி விழுகிறது. உரத்த ஒலி ஒன்று வந்ததும், அதை ஒட்டியிருக்கும் மெல்லிய ஒலிகளை நம் காது தவறவிட்டுவிடும். முன்னால் சில மில்லி விநாடிகளில் இருந்தவற்றைக்கூட. தையல் போட்ட இடத்தை அடுத்த அடி மறைத்துவிடுகிறது. இதையே நாதஸ்வரத்தில் செய்து பாருங்கள், மானம் போய்விடும். அங்கே மூச்சு தொடர்கிறது, ஸ்வரம் வழுக்கிக்கொண்டே அடுத்த ஸ்வரத்துக்குப் போகிறது. கமகத்தின் நடுவில் கத்தரி வைத்தால் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். மிருதங்கம் என்றால் வெட்டலாம், சந்தோஷமாக வெட்டலாம்.

டெபுஸ்ஸி தேர்வும் தற்செயலாக வாய்த்த அதிர்ஷ்டம். பிரெலூட் என்ற பெயரில் அவர் எழுதிய சிறு பியானோத் துணுக்குகளில், 1910-இல் வெளியான முதல் தொகுப்பின் கடைசித் துணுக்கு மின்ஸ்ட்ரெல்ஸ். வாசிப்பவருக்கு அவர் மேலே எழுதியிருக்கும் குறிப்பின் சாரம்: 'படபடப்போடும் நகைச்சுவையோடும்'. நாலடி போகும், நிற்கும், திரும்பும், வேறு எதையோ யோசிக்கும். எழுதும்போதே அது வாத்து நடை. இப்படித் திடுக்கென்று நிற்பதே இயல்பாக உள்ள இசையை நடுவில் நிறுத்தினால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஒரே மூச்சாகக் கட்டிக்கொண்டு போகும் இசையில் இந்த வித்தை பலிக்காது.

இன்னொரு நுட்பம் தாமதம். விளையாட்டு துண்டுக்கு ஒரு முறைதான் கேள்வி கேட்கிறது. நிமிடத்துக்கு 120 தட்டு என்றால் இரண்டு தட்டுக்கு ஒரு விநாடி. ஆக, தோட்டக்காரர் உங்களைப் பார்த்த பிறகு பியானோ விழித்துக்கொள்ள ஒரு விநாடி வரை ஆகலாம். பொறியாளருக்கு இது குறை. எனக்கு இதுதான் உயிர். சட்டென்று ஒட்டிக்கொள்ளும் இசை, அழுத்தினால் எரியும் விளக்கு போல இயந்திரத்தனமாக இருக்கும். அரை மூச்சு பிந்தி வருவதால், யாரோ ஒருவர் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்து, 'அடடா' என்று சுதாரித்து வாசிப்பது போலத் தோன்றுகிறது. தெருக்கூத்தில் கட்டியங்காரன் தடுக்கி விழுந்ததும் மத்தளக்காரர் ஒரு சின்ன இடைவெளி விட்டுப் போடும் அந்த அடியை நினைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் சிரிப்பது விழுந்ததற்கு அல்ல, அந்த அடிக்கு.

குறை இல்லாமல் இல்லை. இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும், அது எனக்குக் குறையாகப் படவில்லை. வேலைப் பட்டியல்தான் இடிக்கிறது. மதுக்கடைப் பகுதிக்கு வந்ததும் சேட்டை செய்யும் வாத்தாக இருந்தவர், இன்னார் எப்போது திரும்புவார் என்று நேரம் பார்த்துக் காத்திருக்கும் குமாஸ்தாவாகிவிடுகிறார். ஒரு பொருளை ஒருவர் எடுத்து வைக்கிறார், நாம் கலைக்கிறோம், மறுபடி எடுத்து வைக்கிறார். இசையே இதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது: பியானோ நெடுநேரம் மௌனமாக இருக்கும் இடங்கள்தான் வடிவமைப்பு தொய்யும் இடங்கள். வேறெந்த விளையாட்டும் தன் சலிப்பை இவ்வளவு நேர்மையாக அறிவித்து நான் பார்த்ததில்லை.

இந்தக் குழுவுக்கு நிதி உதவியவர்களில் ஃபிலிம் விக்டோரியா என்ற மாநில அரசு அமைப்பும் உண்டு. அந்தக் கோப்பை மனக்கண்ணில் பார்க்கிறேன். திட்டத்தின் நோக்கம்: தோட்டக்காரரின் சாவியை வாத்து திருடுவது. நம்மூரில் ஆராய்ச்சியோ கலையோ, நிதி கேட்டு எழுதும் விண்ணப்பத்தில் 'சமுதாயப் பயன்' என்றொரு கட்டம் இருக்கும். அதில் உண்மையை எழுதினால் பணம் வராது என்று எல்லோருக்கும் தெரியும். ஆகவே எல்லோரும் விவசாயிகளின் துயர் துடைப்பதாக எழுதுகிறார்கள். வேடிக்கை என்று நேராக எழுதியவருக்கும் ஒரு சின்னத் தொகை ஒதுக்கினால் குடிமுழுகிப் போகாது.

மூளைக் கேள்விக்கு வருகிறேன். ஒற்றை வார்த்தை: இல்லை. 1993-இல் 'நேச்சர்' என்ற அறிவியல் இதழில் ஒரு சிறு ஆய்வு வந்தது. கல்லூரி மாணவர்கள் 10 நிமிடம் மோசார்ட்டின் இசையைக் கேட்ட பின் வடிவங்களைக் கற்பனை செய்யும் ஒரு தேர்வில் கொஞ்சம் நன்றாகச் செய்தார்கள், விளைவு கால் மணி நேரம்கூட நிற்கவில்லை. இதைப் பிடித்துக்கொண்டு 1998-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் குழந்தை ஒவ்வொன்றுக்கும் இசைத்தட்டு தர 1,05,000 டாலர் கேட்டார். அந்த ஆய்வில் குழந்தைகளைச் சோதிக்கவே இல்லை! வயிற்றுப் பிள்ளைக்கு வீணை கேட்க வைப்பதும் எலுமிச்சம்பழம் கட்டுவதும் என் கணக்கில் ஒரே அலமாரி. வீணை காதுக்காவது இனிமை.

நீங்கள் வீட்டில் செய்து பார்க்க ஒரு சோதனை உண்டு. போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகளை விளையாடச் சொல்லிவிட்டு, டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டேன். பியானோவை மட்டும் கேட்டு, வாத்து என்ன செய்கிறது என்று சொல்ல வேண்டும். "பதுங்குது... இன்னும் பதுங்குது... மாட்டிக்கிச்சு, ஓடுது." எல்லாம் சரி. அப்புறம் நீண்ட மௌனம். "சும்மா நிக்குது" என்றேன். பதிலே இல்லை. திரும்பிப் பார்த்தால் வாத்து குளத்தின் நடுவில் நிம்மதியாக நீந்திக்கொண்டிருந்தது. மேஜையில் என் தட்டில் இருந்த முறுக்கைக் காணோம்.